உயர்தர ரெக்கார்டு பிளேயர் வாங்குமுன்



சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் காப்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, எண்ணெய்க்கடை வைத்திருக்கும் நமது உறுப்பினர் ஒருவர் எங்களைத் தனியே அழைத்தார். "அண்ணாச்சி, வீட்ல இருக்கிற ரெக்கார்டு பிளேயரைக் குடுத்துட்டு நல்லதா ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். பையன் சென்னையில பார்த்து வச்சிருக்கான். ரெண்டரை லட்சம் சொல்றான். வாங்கலாமா?" என்றார். "இருக்கிற பிளேயரில் ஊசி மாற்றி எத்தனை வருஷம் ஆச்சு?" என்று கேட்டோம். "ஊசியா? அது அப்பா காலத்து ஊசி அண்ணாச்சி" என்றார். பக்கத்தில் நின்ற செயலாளர், இதை அப்படியே நம் இதழுக்கு எழுதிக் கொடுத்தால் நாலு பேருக்குப் பயன்படுமே என்று சொல்லிவிட்டார். ஆகவே இக்கட்டுரை.

நாங்கள் இன்ஜினியர் அல்ல. மதுரை கீழமாசி வீதியில் பருப்பும் மிளகாய் வற்றலும் மொத்த வியாபாரம் செய்கிறவர்கள். படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. ஆனால் இசைத்தட்டு விஷயத்தில் முப்பது வருடங்களாகப் பணத்தையும், அதைவிட மேலான சிலவற்றையும் இழந்து கற்றுக்கொண்டிருக்கிறோம். எழுதுவதற்கு அந்தத் தகுதி ஒன்றுதான்.

1982-இல் சி.டி. வந்தபோது ரெக்கார்டின் கதை முடிந்தது என்று பலரும் தட்டுகளைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டார்கள். முடியவில்லை. 2022-இல் அமெரிக்காவில் ரெக்கார்டு 4 கோடியே 10 லட்சமும், சி.டி. 3 கோடியே 30 லட்சமும் விற்றன. 1987-க்குப் பிறகு எண்ணிக்கையில் ரெக்கார்டு சி.டி.யை முந்தியது அந்த வருடம்தான். கம்பெனிகள் மீண்டும் கருவி செய்கின்றன. ஆனால் நம்மில் பெரும்பாலோர் புதுத்தட்டு வாங்குகிறவர்கள் அல்ல. தகப்பனார் வாங்கிச் சேர்த்தது பரணில் இருக்கிறது. அதைக் கேட்க வேண்டும், பேரப்பிள்ளைகளுக்கும் கேட்கக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். இக்கட்டுரை அவர்களுக்கு.

எங்கள் தகப்பனார் வைத்துவிட்டுப் போனது முந்நூற்றுச் சொச்சம் தட்டுகள். 1963-இல் வந்த எம்.எஸ். அம்மாவின் வேங்கடேச சுப்ரபாதம் அதில் உண்டு. காருகுறிச்சி அருணாசலம் அவர்களின் நாகஸ்வரத் தட்டு ஒன்றும் உண்டு. கடை திறக்கப் போகுமுன் அப்பா அதில் ஒரு பக்கமாவது கேட்காமல் போக மாட்டார். 1994-இல் அவர் காலமான பின், அந்த வழக்கத்தை நாங்கள் விடாமல் தொடர்ந்தோம். பத்து வருடம் தினமும் அதே பிளேயர், அதே ஊசி. இடையில் ஊசி துள்ள ஆரம்பித்தது. வீட்டுக்கு வந்த ஒருவர், "மேலே ஒரு நாலணாக் காசை ஒட்டி வையுங்கள், துள்ளாது" என்றார். ஒட்டினோம். துள்ளவில்லை. பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டோம்.

நாளடைவில் அந்த நாகஸ்வரம் மேல் ஸ்தாயிக்குப் போகும் இடமெல்லாம் தகரத்தைச் சுரண்டுவது போல் கேட்கத் தொடங்கியது. பிளேயர் பழசாகிவிட்டது, இனி உயர்ந்ததாக ஒன்று வாங்க வேண்டியதுதான் என்று முடிவு செய்தோம். டவுன்ஹால் ரோடு பக்கம் ரேடியோ ரிப்பேர் பார்த்துவந்த பெரியவர் ஒருவரை விலை விசாரிக்க வீட்டுக்குக் கூட்டிவந்தோம். அவர் விலையைப் பற்றிப் பேசவேயில்லை. நகைக்கடை லென்ஸ் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து ஊசியைப் பார்த்தார், எங்களையும் பார்க்கச் சொன்னார். உருண்டையாக இருக்க வேண்டிய வைர முனை இரண்டு பக்கமும் தேய்ந்து உளிபோல் நின்றது. பிறகு காசைப் பிய்த்து எங்கள் கையில் கொடுத்தார். அந்தக் கால நாலணா இரண்டரை கிராம். ஊசி தாங்க வேண்டியதோ இரண்டு கிராம். இரண்டேகால் மடங்கு பாரத்தை உளியின் மேல் ஏற்றிப் பத்து வருடம் பள்ளத்தைச் செதுக்கியிருக்கிறோம். "புது மிஷின் வாங்கலாம். ஆனா இந்தத் தட்டுல போனது போனதுதான் சார்" என்றார் அவர்.

இதை ஏன் முதலில் சொல்கிறோம் என்றால், ரெண்டரை லட்சத்தை எடுத்து வைக்குமுன் பார்க்க வேண்டிய இடம் அந்த வைர முனைதான். ஊசியின் ஆயுள் அதன் வடிவத்தைப் பொறுத்து முந்நூறு மணி நேரத்திலிருந்து ஆயிரம் மணி நேரம் வரை என்று செய்கிறவர்களே சொல்கிறார்கள். தினம் ஒரு மணி நேரம் கேட்டால் வருடத்திற்கு 365 மணி. பத்து வருட ஊசி 3,650 மணி. கணக்கு நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. முத்திரைக் காலம் தவறினால் அபராதம் என்று தராசை ஒழுங்காகக் கொண்டுபோய்க் காட்டுகிற நாம், ஊசிக்கு அப்படிக் கேட்க ஆள் இல்லாததால் விட்டுவிடுகிறோம்.

ரெக்கார்டு எப்படிப் பாடுகிறது என்பதைச் சுருக்கமாகச் சொன்னால், எங்கே பணம் போட வேண்டும் என்பது தானே விளங்கும். எல்.பி. தட்டின் ஒரு பக்கத்தில் இருப்பது ஒரே பள்ளம். வெளி ஓரத்தில் ஆரம்பித்து உள்ளே சுருண்டு போகிறது. நிமிடத்திற்கு முப்பத்து மூன்றும் மூன்றில் ஒரு பங்கும் சுற்று. இருபது நிமிடப் பக்கத்திற்கு 667 சுற்று. பள்ளத்தை நீட்டிப் பிடித்தால் 400 மீட்டருக்கு மேல் வரும். அகலம் தலைமயிர்க் கனம்தான். அதன் இரண்டு சுவர்களிலும் உள்ள நெளிவுதான் பாட்டு. அந்த நெளிவில் மிக நுண்ணியவை ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடவும் சிறியவை. ஊசி அதில் உரசி ஆடுகிறது. கார்ட்ரிட்ஜ் அந்த ஆட்டத்தை மின்சாரமாக்குகிறது.

ஊசிக்கு எது பாட்டு, எது பக்கத்து அறையில் மிக்ஸி ஓடும் அதிர்வு என்று தெரியாது. மோட்டாரின் உறுமல், பேரிங்கின் கரகரப்பு, மேஜையின் ஆட்டம் எல்லாவற்றையும் சேர்த்தே ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பிவிடும். ஆகவே நல்ல டர்ன்டேபிளின் வேலை ஒரே வேகத்தில் சுற்றுவது, சத்தம் போடாமல் இருப்பது, ஊசியைப் பள்ளத்தில் சரியான கோணத்தில் பிடித்துக்கொள்வது. அது பாட்டில் எதையும் கூட்டுவதில்லை. விலை ஏற ஏற இந்த மூன்றும்தான் சுத்தமாகிக்கொண்டு போகின்றன. "இந்த மிஷின் பாட்டுக்கு இனிமை சேர்க்கும்" என்று யாராவது விற்க வந்தால், பருப்புக்கு நிறம் சேர்க்கிறவரைப் பார்ப்பது போலவே அவரைப் பாருங்கள்.

இருக்கிற பிளேயரைச் சரிபார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். ரசமட்டம் வைத்து, தட்டு சுழலும் பரப்பு சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஊசியின் பாரத்தை அளக்கக் கையகலத் தராசு கிடைக்கிறது. கார்ட்ரிட்ஜ் தயாரிப்பாளர் எத்தனை கிராம் சொல்லியிருக்கிறாரோ அதற்குப் பின்பக்கம் உள்ள எடைக்குண்டைத் திருப்பி வையுங்கள். பாரம் குறைவாக இருந்தால் தட்டுக்கு நல்லது என்று நினைப்பதும் தவறு. குறைந்தால் ஊசி பள்ளத்தில் நிற்காமல் சுவரில் மோதி மோதிப் போகும். அதுவும் தட்டைக் கெடுக்கும். பெல்ட் உள்ள கருவியானால் அது இறுகியோ தளர்ந்தோ போயிருக்கும். நம் ஊர் வெயிலில் ரப்பருக்கு ஆயுள் குறைவு. பிளேயரை ஸ்பீக்கர் இருக்கிற அதே மேஜையில் வைக்காதீர்கள். கெட்டியான சுவரில் அடித்த பலகை மிகச் சிறந்தது. தட்டைத் துடைத்துப் போடுங்கள். இவ்வளவையும் செய்து ஊசியையும் மாற்றிய பிறகு, பாதிப் பேருக்குப் புதுக்கருவி ஆசை போய்விடும் என்பது எங்கள் எண்ணம். மீதிப் பாதிக்குப் போகாது. எங்களுக்கும் போகவில்லை.

நிற்க. வாங்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய பள்ளம் ஒன்று உண்டு. அதில் நாங்கள் விழுந்தோம். எங்கள் மைத்துனர் அமெரிக்காவிலிருந்து வரும்போது, அங்கே ஒருவர் வைத்திருந்த அருமையான பெல்ட் பிளேயர் ஒன்றைச் சகாயமாக வாங்கி வந்தார். 120 வோல்ட் கருவி. அதனால் என்ன, டிரான்ஸ்ஃபார்மர் போட்டுக்கொள்ளலாம் என்று போட்டோம். ஓடியது. ஆனால் பாடகர்கள் எல்லோரும் தூக்கக் கலக்கத்தில் பாடுவது போல் இருந்தது. தட்டு கெட்டுவிட்டது என்றார் ஒருவர். பெல்ட் தளர்ந்துவிட்டது என்றார் இன்னொருவர். பெல்ட்டையும் வரவழைத்து மாற்றினோம். மாறவில்லை. பழைய ரேடியோ பெரியவரிடமே போய் நின்றோம். அவர் சிரித்துவிட்டு, "வோல்டேஜைத்தான் மாத்தினீங்க. சைக்கிளை மாத்தலையே" என்றார்.

விஷயம் இதுதான். அங்கே மின்சாரம் விநாடிக்கு 60 சைக்கிள், இங்கே 50. பழைய பெல்ட் கருவிகள் பலவற்றில் மோட்டாரின் வேகத்தை நிர்ணயிப்பது வோல்டேஜ் அல்ல, இந்த சைக்கிள்தான். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைக் குறைக்கும், சைக்கிளைத் தொடாது. ஆகவே ஆறு சுற்று சுற்ற வேண்டிய நேரத்தில் ஐந்து சுற்றுதான் சுற்றும். 33⅓ சுற்று ஏறத்தாழ 27.8 ஆகிவிடும். இருபது நிமிடப் பக்கம் இருபத்து நாலு நிமிடம் ஓடும். 5 கட்டை சுருதியில் பாடியவர் 3 கட்டைக்கு இறங்கிவிடுவார். 50 சைக்கிளுக்கு உரிய அளவுள்ள கப்பி மோட்டாரில் மாட்டினால்தான் தீரும். அந்தக் கப்பி கிடைக்க எங்களுக்கு ஏழு மாதம் ஆயிற்று. ஜப்பானிலிருந்து வருவதானால் இன்னும் ஒரு விசேஷம்: அந்த நாட்டிலேயே டோக்கியோ பக்கம் 50, ஒசாகா பக்கம் 60 சைக்கிள். வோல்டேஜ் இரண்டு பக்கமும் 100. எந்தப் பக்கத்துக் கப்பி என்று கேட்டு வாங்க வேண்டும். குவார்ட்ஸ் கட்டுப்பாடு உள்ள டைரக்ட் டிரைவ் கருவிகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவற்றின் வேகத்தை உள்ளே இருக்கும் பளிங்குத் துண்டு காக்கிறது. அவற்றுக்கு வோல்டேஜ் சரியாக இருந்தால் போதும்.

இந்த பெல்ட், டைரக்ட் டிரைவ் வழக்கு ஐம்பது வருடமாக நடக்கிறது. பெல்ட் கட்சிக்காரர்கள், மோட்டாரை ஓரத்தில் தள்ளி வைத்து ரப்பர் பெல்ட்டால் இழுத்தால் அதன் அதிர்வு தட்டுக்கு வராது என்பார்கள். 1961-இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் செய்த ஏ.ஆர். டர்ன்டேபிள் தட்டையும் கையையும் சேர்த்து ஸ்பிரிங்கில் தொங்கவிட்டது. 1965-இல் தோரன்ஸ் டி.டி.150, 1970-களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலிருந்து லின் சோண்டெக் எல்.பி.12 எல்லாம் அதே வழியில் வந்தவை. எல்.பி.12 இன்றும் விற்பனையில் இருக்கிறது. இங்கிலாந்தின் ரேகா கம்பெனியார் ஸ்பிரிங் வேண்டாம், எடை குறைந்த கெட்டிப் பலகை போதும் என்று பிளானர் வரிசையைக் கொண்டுவந்தார்கள். மறுபக்கம் ஜப்பானில் டெக்னிக்ஸ் கம்பெனியார் மோட்டாரின் அச்சிலேயே தட்டை உட்காரவைத்தார்கள். அவர்களுடைய எஸ்.எல்.1200 வந்தது 1972-இல். குவார்ட்ஸ் வைத்த மார்க் 2 வந்தது 1979-இல். அதன் வேக ஏற்ற இறக்கம் 0.025 சதவீதம்தான். 2010-இல் அந்த வரிசையை நிறுத்தினார்கள். கேட்பார் பெருகவே, 2016-இல் புது மோட்டாருடன் மீண்டும் தொடங்கினார்கள்.

எது உயர்வு என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் யார்? இரண்டிலும் அருமையான கருவிகளைக் கேட்டிருக்கிறோம். ஆனால் வியாபாரி கேட்க வேண்டிய கேள்வி வேறு. ரிப்பேர் வந்தால் யார் பார்ப்பார்? ஸ்பிரிங்கில் தொங்கும் கருவியை அவ்வப்போது சமன்செய்து கொடுக்கக் கைதேர்ந்த ஆள் வேண்டும். அந்த ஆள் மதுரையில் இல்லை. சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டும், அல்லது கருவியைத் தூக்கிக்கொண்டு நாம் போக வேண்டும். போன வழியில் ஆட்டம் கண்டு, வந்து சேரும்போது மறுபடி சமன் கெட்டிருக்கும். ஆகவே எங்களைப் போல் ஆள் வசதி இல்லாத ஊர்க்காரர்கள் ஸ்பிரிங் இல்லாத கருவியையே பார்ப்பது நலம். அதில் பெல்ட் வகையானால், வாங்கும்போதே இரண்டு பெல்ட் சேர்த்து வாங்கிக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் 2019-இல் வாங்கியது டைரக்ட் டிரைவ். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறோம்.

பணத்தை எதில் எவ்வளவு போடுவது? ஸ்பீக்கர்தான் முக்கியம், பிளேயர் எதுவானாலும் சுற்றினால் சரி என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். லின் கம்பெனியார்தான் அதைத் தலைகீழாகத் திருப்பினார்கள்: தட்டிலிருந்து எடுக்கும்போதே விட்டுப்போனதைப் பின்னால் வரும் எந்தப் பெட்டியாலும் திருப்பித் தர முடியாது என்றார்கள். கொள்முதலில் கோட்டை விட்டதை விற்பனையில் பிடிக்க முடியாது என்று நம் பெரியவர்கள் சொன்னதுதான். அதில் பாதிக்கு நாங்கள் கையெழுத்துப் போடுவோம். மீதிப் பாதிக்கு மாட்டோம். கிழிந்த ஸ்பீக்கருக்கு முன்னால் ரெண்டரை லட்சத்து டர்ன்டேபிளை வைத்தாலும் கிழிசல்தான் கேட்கும். ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் யோக்கியமாக இருந்தால், ஒதுக்கிய தொகையில் பாதிக்கு மேல் டர்ன்டேபிளுக்கும் அதன் கைக்கும், மீதியை கார்ட்ரிட்ஜுக்கும் போனோ பெட்டிக்கும் பிரித்தால் பழுதில்லை. காரணம், ஊசி தேயும் சரக்கு, மாற்றிக்கொண்டே இருப்போம். பேரிங்கும் கையும் இருபது முப்பது வருடம் உழைக்கும்.

போனோ பெட்டி என்றோம். தட்டில் பாட்டைப் பதியும்போது அடித்தொனியைக் குறைத்து, மேல்தொனியைக் கூட்டிப் பதிகிறார்கள். இல்லாவிட்டால் பள்ளம் அகன்று, ஒரு பக்கத்தில் பத்து நிமிடம்கூடப் பிடிக்காது. ஆர்.ஐ.ஏ.ஏ. என்னும் அமெரிக்க ரெக்கார்டு தயாரிப்பாளர் சங்கம் 1954-இல் இதற்கு ஒரே அளவைக் கொண்டுவந்தது. கேட்கும்போது அதைத் திருப்பிச் சரிசெய்யும் வேலையைப் போனோ பகுதி செய்கிறது. பழைய ஆம்ப்ளிஃபையர்களில் போனோ என்று தனித் துளை இருக்கும். இப்போது வருவனவற்றில் பலவற்றில் இல்லை. நம் நண்பர் ஒருவர் புது பிளேயரை வாங்கி ஆம்ப்ளிஃபையரின் ஆக்ஸ் துளையில் செருகிவிட்டு, "கொசு பாடுற மாதிரி இருக்கு, ஏமாத்திட்டான்" என்று கடைக்காரருடன் சண்டைக்கே போனார். ஏமாற்றியது யாருமில்லை.

கார்ட்ரிட்ஜில் இரண்டு ஜாதி. காந்தம் ஆடுவது ஒன்று, எம்.எம். என்பார்கள். கம்பிச் சுருள் ஆடுவது மற்றொன்று, எம்.சி. என்பார்கள். எம்.எம். கொடுக்கும் மின்சாரம் சுமார் 5 மில்லிவோல்ட். எம்.சி.யில் பெரும்பாலானவை அரை மில்லிவோல்ட்டும் கொடுக்காது. எம்.எம்.முக்கு நூறு மடங்கு பெருக்கினால் போதும் என்றால், எம்.சி.க்கு ஆயிரம் மடங்கு வரை பெருக்க வேண்டும். அதற்கேற்ற போனோ பெட்டி தனி. மேலும் எம்.எம்.மில் ஊசியை மட்டும் இழுத்து எடுத்துப் புதியதைச் செருகிக்கொள்ளலாம். எம்.சி.யில் பெரும்பாலும் மொத்த கார்ட்ரிட்ஜையே மாற்ற வேண்டும், அல்லது வெளிநாட்டுக்கு அனுப்பி முனை மாற்றி வாங்க வேண்டும். நுணுக்கத்தில் நல்ல எம்.சி. ஒரு படி மேலே என்பதை மறுக்கவில்லை. ஆனால் தினமும் கேட்கிற வீட்டுக்கு எம்.எம். போதும் என்பது எங்கள் முடிவு.

ஊசியின் வடிவத்திற்குக் கொடுக்கும் காசு மட்டும் வீண்போகாது. உருண்டை முனை மலிவு. நீள்வட்ட முனை அதற்கு மேல். மைக்ரோலைன், ஷிபாட்டா போன்ற மெல்லிய வரிமுனைகள் பள்ளத்தின் நுண்ணிய நெளிவில் இன்னும் சரியாக உட்காரும். இது பக்கத்தின் கடைசிப் பாட்டில்தான் தெரியும். தட்டின் வெளி ஓரத்தில் விநாடிக்கு 50 சென்டிமீட்டர் பள்ளம் ஊசியைக் கடக்கிறது. உள்ளே போகப் போக அது 21 சென்டிமீட்டராகக் குறைந்து நெளிவுகள் நெருங்கிவிடும். உருண்டை முனை அங்கேதான் தடுமாறும். வேறொரு பயனும் உண்டு. பழைய ஊசி உரசாத உயரத்தில் வரிமுனை பள்ளச் சுவரைத் தொடுவதால், தேய்ந்த தட்டுகள் சிலவற்றில் போன பாட்டு கொஞ்சம் திரும்பி வரும். அப்பாவின் நாகஸ்வரத் தட்டை இப்படி வைத்துப் பார்த்தோம். முதல் பாட்டு பரவாயில்லை. உள் பக்கத்தில் அந்தச் சுரண்டல் அப்படியே இருக்கிறது.

பேர்போன ஊசிகளுக்குப் போலியும் புழங்குகிறது. பாதி விலைக்குக் கிடைத்தால் அதில் கலப்படம் இருக்கிறது என்பது நமக்குத் தெரியாததா?

கைக்கும் கார்ட்ரிட்ஜுக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும் என்று பலர் சொல்ல மாட்டார்கள். கார்ட்ரிட்ஜில் ஊசி ஒரு சிறு ரப்பரில் தொங்குகிறது. அது வண்டியின் ஸ்பிரிங் மாதிரி, கையின் எடை வண்டியின் பாரம் மாதிரி. இரண்டும் சேர்ந்து தமக்கென்று ஒரு தாளத்தில் ஆடும். அந்த ஆட்டம் விநாடிக்கு 8 முதல் 12 வரை இருந்தால் தொந்தரவில்லை. அதற்குக் கீழே போனால் தட்டின் நெளிசலில் கை துள்ளும். மேலே போனால் பாட்டின் அடித்தொனியில் கலந்துவிடும். கணக்கு இது: கையின் எடை, கார்ட்ரிட்ஜ், திருகு மூன்றையும் கிராமில் கூட்டி, கார்ட்ரிட்ஜின் கம்ப்ளையன்ஸ் என்னும் எண்ணால் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, 159-ஐ அதனால் வகுக்க வேண்டும். கை 11, கார்ட்ரிட்ஜ் 7, திருகு 1 ஆக 19 கிராம். கம்ப்ளையன்ஸ் 15 என்றால் பெருக்கல் 285, வர்க்கமூலம் ஏறத்தாழ 17, விடை 9 சொச்சம். பொருத்தம் சரி. ஜப்பான் கம்பெனிகள் பல இந்த எண்ணை 100 சைக்கிளில் அளந்து போடுகின்றன, மற்றவர்கள் 10 சைக்கிளில். இரண்டையும் ஒன்றுக்கொன்று ஒப்பிடக் கூடாது. எந்த அளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். விற்கிறவர் இந்தக் கேள்விக்கு விழித்தால் வேறு கடை பார்க்கலாம்.

கடைக்குப் போகும்போது நம் வீட்டுத் தட்டையே கொண்டுபோக வேண்டும். அவர்கள் போட்டுக் காட்டும் தட்டு எந்தக் கருவியிலும் நன்றாகத்தான் இருக்கும். வீணைத் தட்டு ஒன்று இருந்தால் உத்தமம். மீட்டிய நாதம் நீண்டு தேயும்போது அது சிறிதும் அலையக் கூடாது. அலைந்தால் வேகம் நிற்கவில்லை என்று பொருள். பிறகு பாட்டு தொடங்குமுன் உள்ள வெற்றுப் பள்ளத்தில் சத்தத்தைக் கூட்டிக் கேளுங்கள். உறுமல் இருந்தால் அங்கே தெரியும். கடைசியாகப் பக்கத்தின் கடைசிப் பாட்டு. பழைய கருவியானால் தட்டைத் தூக்கி அச்சை ஆட்டிப் பாருங்கள், கையை இரு விரலால் மெதுவாக அசைத்துப் பாருங்கள். லொடலொடவென்றால் வேண்டாம். தங்க முலாம் கம்பி, மந்திரப் பாய், கல் பாதம் என்று கூடவே நீட்டுவார்கள். அவற்றுக்கு ஒதுக்கும் காசில் மாற்று ஊசி வாங்கி வைக்கலாம்.

டைரக்ட் டிரைவ் வாங்கியதற்கு இன்னொரு காரணம் உண்டு என்றோமே, அது 78. பரணில் பழைய அரக்குத் தட்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். உயர்ந்த விலைக் கருவிகள் பலவற்றில் 78 வேகமே கிடையாது. மீண்டும் வந்த எஸ்.எல்.1200 வரிசையில் அது உண்டு. ஆனால் வேகம் இருந்தால் மட்டும் போதாது. எல்.பி. ஊசியின் முனை அரக்குத் தட்டின் அகன்ற பள்ளத்தில் அடிக்குப் போய்க் குப்பையை வாரிக்கொண்டு கரகரக்கும். அதற்கென்றே சுமார் நான்கு மடங்கு பருத்த முனை உண்டு. ஆடியோ-டெக்னிகாவின் வி.எம்.95 போன்ற கார்ட்ரிட்ஜ்களில் எல்.பி. ஊசியைக் கழற்றிவிட்டு 78 ஊசியை அதே இடத்தில் செருகிக்கொள்ளலாம். அரக்குத் தட்டை ஸ்பிரிட் கலந்த நீரால் துடைத்துவிடாதீர்கள். அரக்கு கரைந்துவிடும். எல்.பி.க்கு ஆகும் மருந்து அதற்கு விஷம்.

எண்ணெய்க்கடை அண்ணாச்சி வீட்டுக்குச் சென்ற வாரம் லென்ஸோடு போயிருந்தோம். எங்கள் பழைய ஊசிக்கு அண்ணன் முறை வேண்டும் அவருடைய ஊசி. அன்றே அதைக் கழற்றி வைக்கச் சொல்லி, புது ஊசி வரும்வரை ஒரு தட்டும் போடக் கூடாது என்று அவர் சம்சாரத்திடம் சொல்லிவிட்டு வந்தோம். ஊசி நேற்று வந்துவிட்டதாம். ரெண்டரை லட்சத்தைப் பற்றி அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. நாங்களும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவருடைய தட்டுகளுக்கு அது தகும். பரணில் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய 78 தட்டுகள் இருப்பதாக நேற்று போனில் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்த பின் அதை இறக்கிப் பார்ப்பதாக இருக்கிறோம்.